ரிப்பீட்டு பாய்

காலை ஆறு மணி பத்து நிமிடம். கடைத்தெருவில் டீக்கடையை விட்டால் விளக்கு எரிந்தது அந்த எஸ்.டி.டி. பூத்தில்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கட்டம் போட்ட கைலியும் முழுக்கை வெள்ளைச் சட்டையுமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ரிசீவரை அதன் தாங்கியில் வைத்தார். எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். மறுபடி வைத்தார். மறுபடி எடுத்தார். நான் கதவைத் தட்டியதும் திரும்பிப் பார்த்து, "உள்ள வாங்க சார், லைன் சும்மாதான் இருக்கு" என்றார். ரிசீவரிலிருந்து கையை எடுக்கவில்லை.

போன் சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு வழிதான் இருந்தது. எடுத்து, டயல் டோன் வருகிறதா என்று கேட்க வேண்டும். எடுத்துவிட்டால் அது வைத்த போன் இல்லை. மறுபடி வைக்க வேண்டும். வைத்தவுடன், இந்த முறை சரியாக உட்கார்ந்ததா என்ற கேள்வி வந்துவிடும். நான் அன்று தஞ்சாவூர் அலுவலகத்துக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டியிருந்தது. அவர் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டதும் அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். பொறுப்பு என் கைக்கு வந்துவிட்டது.

திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் இருந்த அந்த ஊருக்கு நான் செய்தியாளராகப் போய்ச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். ஊரில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். தெருவுக்கு ஒரு புது மாடி எழும்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் போன் இருந்தவர்கள் குறைவு. சவுதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் வெள்ளிக்கிழமை பூத்துக்குத்தான் போன் வரும். யாருக்கு என்று கேட்டுக்கொண்டு, பூத்தைப் பார்த்துக்கொண்ட பாய் சைக்கிளில் போய் ஆளைக் கூட்டி வருவார். ஆள் இல்லையென்றால் செய்தியை வாங்கி வைத்துப் பிறகு போய்ச் சொல்வார்.

சொன்னபின் போய்விட மாட்டார். "நான் என்ன சொன்னேன், ஒரு தடவ திருப்பிச் சொல்லுங்க" என்பார். வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். தெருமுனை வரை போய்விட்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வருவார்.

"புதன்கிழமைன்னுதானே சொன்னேன்?"

"ஆமா பாய், புதன்கிழமை."

"வியாழக்கிழமைன்னு காதுல விழுந்துடலையே?"

"இப்பத்தான் விழுந்துச்சு" என்று ஒரு பெண் கதவுக்குப் பின்னாலிருந்து சொல்ல, உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். அவரும் சிரிப்பார். அப்புறமும் கேட்பார். ஊரில் அவருக்கு ரிப்பீட்டு பாய் என்று பெயர். அது அவருக்குத் தெரியும். "நல்ல பேருதான் சார். ஒரு தடவ சொன்னா போதும், யாருக்கும் மறக்காது" என்று என்னிடம் சொன்னார்.

ஆரம்பத்தில் அதை நான் ஒரு நல்ல குணம் என்றே எடுத்துக்கொண்டேன். என் தொழிலும் சரிபார்ப்பதுதான். நான் போனில் செய்தி சொல்வதை அவர் கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். முடித்துவிட்டு வந்தால், "சார், தண்ணி வராத நிலம் நாப்பது ஏக்கர்னு சொன்னீங்களா, நானூறுன்னு சொன்னீங்களா?" என்பார். நாற்பது என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கும். அவர் கேட்டபின் நினைவிருக்காது. மறுபடி தஞ்சாவூருக்குப் போட்டுக் கேட்டால் அந்தப் பக்கத்திலிருந்து, "நாப்பதுதான்யா, உனக்கு என்ன ஆச்சு?" என்று எரிச்சலாகப் பதில் வரும். நான் கேட்டுவிட்டு நிம்மதியாக டீக்கடைக்குப் போய்விடுவேன். அவரால் அது முடியாது. ஒவ்வொரு முறை கேட்டபின்னும் அவர் முன்பைவிடக் கொஞ்சம் குறைவாகவே நம்பினார். பார்த்துப் பார்த்து எனக்கு அது புரிய நாளாயிற்று.

பாயின் மனைவியை ஊரார் கூப்பிடுவது போல நானும் பாயம்மா என்றுதான் கூப்பிட்டேன். வீடு பூத்துக்குப் பின்னாலேயே இருந்தது. நடுவில் ஒரு கதவு, அதில் ஒரு திரை. பாய் இந்தப் பக்கம் நின்று, "சிலிண்டர மூடிட்டேன்ல?" என்பார். அந்தப் பக்கத்திலிருந்து, "மூடிட்டீங்க" என்று வரும். "மோட்டார்?" "நிறுத்திட்டீங்க." "சரியாப் பாத்தியா?" "பாத்தேன்." பாயம்மா வெங்காயம் உரித்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ தலையைத் தூக்காமல் சொல்வார். கேஸ் சிலிண்டர், மோட்டார், அயர்ன் பாக்ஸ், ஃப்ரிட்ஜுக்கு ஒரு ஸ்டெபிலைசர் எல்லாம் சவுதிப் பணத்தில் அந்த வீட்டுக்கு வந்தவை. ஒவ்வொன்றோடும் மூட வேண்டிய ஒன்றோ அணைக்க வேண்டிய ஒன்றோ சேர்ந்து வந்திருந்தது.

அந்தப் பணம் பாயின் பணம் இல்லை. பாயம்மாவின் அண்ணன் தமாமில் ஒரு கிடங்கில் பெரிய பொறுப்பில் இருந்தார். வீடும் பூத்தும் அவருடையவை. தங்கை அவரை 'நானா' என்று கூப்பிடுவார். அந்தப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளைக்கும் அங்கே ஒரு வேலை பார்த்து விசா எடுத்து அனுப்பினார். பாய் திருச்சி விமான நிலையம் வரை போனார். வரிசையில் நின்று பையைத் திறந்து பாஸ்போர்ட்டைப் பார்த்தார். இருந்தது. பையை மூடினார். மூடும்போது வெளியே விழுந்திருக்குமோ என்று திறந்து பார்த்தார். இருந்தது. பின்னால் நின்றவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். கூடப் போன நான்கு பேரும் அன்று சாயங்காலம் ஷார்ஜாவில் இறங்கி தமாமுக்கு விமானம் மாறினார்கள். பாய் நாகப்பட்டினம் பஸ்ஸில் திரும்பி வந்தார்.

"பாஸ்போர்ட் இருந்துச்சு சார்" என்று என்னிடம் சொன்னார். "கண்ணால பாத்தேன். பாத்தது பாத்த மாதிரி இல்ல."

மைத்துனர் அதற்கு வைத்த பெயர் திமிர். உட்கார்ந்து சாப்பிடப் பழகியவன் போடும் நாடகம் என்றார்.

பள்ளிவாசலில் வேறு பெயர் இருந்தது. தொழுகைக்கு முன் கைகால் கழுவுவதை ஒளு என்பார்கள். பாய் தொட்டியோரம் உட்கார்ந்தால் முழங்கையிலேயே நின்றுவிடுவார். உள்ளே தொழுகை தொடங்கியிருக்கும், அவர் வலது முழங்கையில் இருப்பார். அங்கே தொழுகை நடத்திய ஹஜ்ரத் வயதில் இளையவர், பொறுமையானவர். "இது வஸ்வாஸ் பாய். ஷைத்தான் காதுல ஊதுற சந்தேகம். மூணு தடவைக்கு மேல கழுவாதீங்க. சந்தேகம் இருந்தா இருந்துட்டுப் போவுது, அதோடவே வந்து நில்லுங்க" என்றார். பாய் தலையாட்டினார். பிறகு, "மூணுதானா கழுவுனேன்?" என்று அவரிடமே கேட்டார்.

ஊர் சிரித்தது நின்றுபோனது ஒரு வெள்ளிக்கிழமை. ரியாத்திலிருந்து போன். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு தாயின் ஒரே மகன் அங்கே லாரி ஓட்டினான். வண்டி கவிழ்ந்து காலில் அடி, உயிருக்கு ஒன்றுமில்லை, இரண்டு நாளில் அவனே பேசுவான் என்று நண்பன் சொன்னான். பாய் போய் அதை அப்படியே சொன்னார். அந்த அம்மா அழுது, தேறி, அல்லாவுக்கு நன்றி சொன்னார். பாய் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார்.

"உயிருக்கு ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னேன்?"

"ஆமாங்க."

போனார். வந்தார். "உயிருக்கு ஒண்ணும் இல்லன்னு... அப்படித்தானே காதுல விழுந்துச்சு?"

மூன்றாம் முறை அவர் வாசலில் வந்து நின்றபோது அந்த அம்மா அவர் வாயைத் திறக்க விடவில்லை. வேர்த்து, வெளிறி, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் நிற்கும் ஒரு மனிதரை அவர் பார்த்தார். மகன் மவுத்தாகிவிட்டான், அதை உடைத்துச் சொல்லத்தான் பாய் இப்படி நடையாய் நடக்கிறார் என்று புரிந்துகொண்டார். மார்பில் அடித்துக்கொண்டு கீழே விழுந்தார். அக்கம்பக்கம் ஓடி வந்தது. அரை மணி நேரத்தில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டார்கள். பாய் நடுவில் நின்று, "உயிரோடதான் இருக்கான், உயிரோடதான் இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லச் சொல்ல அழுகை கூடியது. யாரோ என் அறைக்கு வந்து, பத்திரிகையில் போட வேண்டும் என்று இறந்தவன் பெயரைச் சொன்னார்கள். நான் ரியாத் நண்பனின் நம்பரை வாங்கி அதே பூத்திலிருந்து போட்டேன். மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பையனே பேசினான். காலில் கட்டு, பசிக்கிறது என்றான்.

அதற்குப் பிறகு ஆட்கள் பஸ் ஸ்டாண்டு பூத்துக்குப் போகத் தொடங்கினார்கள். மைத்துனர் விடுமுறையில் வந்தார். பூத்தில் நின்று எல்லோர் காதிலும் விழும்படியே பேசினார்.

"மாப்புள, இன்னொரு விசா எடுத்து வச்சிருக்கேன். மூணு மாசத்துல போறீங்க. இல்லன்னா பூத்த வேற ஆளுகிட்ட குடுத்துட்டு, என் தங்கச்சிய எங்க ஊட்டுக்கு அழைச்சிட்டுப் போறேன். நீங்க கதவ மூடி மூடித் தொறந்துக்கிட்டு இருங்க."

"இது நோவு மச்சான்."

"எங்க நோவுது? காட்டுங்க."

பாயிடம் காட்ட ஒன்றும் இல்லை.

சென்னையில் ஒரு மருத்துவமனையில் மூளையைப் படம் எடுத்து இந்த நோயை ஆராய்கிறார்கள் என்ற தகவல் என் மேசைக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். எண்ணச் சுழற்சி நோய் என்று அதைத் தமிழில் எழுதச் சொன்னார்கள். மூளைக்குள் அந்தச் சுழற்சி நடக்கும்போதே அதைப் படத்தில் பார்க்க முடியும் என்றும் இருந்தது. நான் அதைப் பாயிடம் படித்துக் காட்டினேன். அவர் மறுபடி படிக்கச் சொன்னார். இந்த முறை அது அவருடைய நோயினால் இல்லை.

"படத்துல தெரியுமா சார்?"

"தெரியுதுன்னு எழுதியிருக்கு."

"அப்ப நானாவுக்குக் காட்டலாம்" என்றார் பாயம்மா, திரைக்குப் பின்னாலிருந்து.

மூவரும் போனோம். ஆராய்ச்சியில் இருந்த டாக்டர் கும்பகோணத்துப் பெண், முப்பது வயதிருக்கும். இது வைத்தியம் இல்லை, ஆராய்ச்சி மட்டும்தான் என்பதை நிதானமாகச் சொன்னார். நெற்றிக்குப் பின்னால், கண்குழிக்கு மேலே இருக்கும் மூளைப் பகுதி 'ஏதோ தப்பு' என்று எச்சரிக்கும். மூளையின் ஆழத்தில் இருக்கும் வேறொரு பகுதி அதை வாங்கி, 'பார்த்தாயிற்று, போதும்' என்று அடக்கும். இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பகுதிகளில் ரத்த ஓட்டம் கூடுதலாக இருப்பதையும், எச்சரிக்கை அடங்காமல் சுற்றிச் சுற்றி வருவதையும் பல நாடுகளிலும் பார்த்திருக்கிறார்கள் என்றார்.

பாய் யோசித்தார். "அந்தப் பக்கம் பேசி முடிச்சு வச்சிட்டாங்க. நம்ம லைன் மட்டும் ரிலீஸ் ஆகல. அப்படியா டாக்டரம்மா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அப்படியே வச்சுக்கங்க."

"பழைய எக்ஸ்சேஞ்சுல அடிக்கடி ஆகும். நாம என்னதான் தட்டுனாலும் போகாது."

மோதிரம், வாட்ச், இடுப்பு பெல்ட் எல்லாவற்றையும் கழற்றிப் பாயம்மாவிடம் கொடுத்தார். உடம்பில் இரும்பு எதுவும் இல்லையே என்று அவர்கள் கேட்டதைவிட அதிகமாக அவர் அவர்களைக் கேட்டார். குழாய் போன்ற அந்த இயந்திரத்துக்குள் தலை போய்விட்டது. கண்ணாடி வழியாக எங்களுக்குத் தெரிந்தது இரண்டு பாதங்கள்தான். உள்ளே ஒரு திரையில் படங்கள் வரும். பூ, மரம், மாடு, நடுவில் பூட்டாத பூட்டு, திறந்த குழாய், சரியாக வைக்காத ரிசீவர். ஒவ்வொரு படத்துக்கும் கையில் உள்ள பொத்தானை அமுக்க வேண்டும். தலையை அசைக்கவே கூடாது. அசைந்தால் படம் கலங்கிவிடும்.

இயந்திரம் தட்டத் தொடங்கிச் சிறிது நேரத்தில் ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது.

"டாக்டரம்மா, இப்ப அமுக்குனேன்ல?"

"பேசாதீங்க பாய். தலை அசையுது."

"அமுக்குனேனான்னு மட்டும் சொல்லிடுங்க."

திரும்பத் திரும்பக் கேட்டார். டாக்டர் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். அந்தப் படம் உதவாது. எந்த நோயைப் படம்பிடிக்க முயன்றார்களோ அதுவே அதைக் கெடுத்துவிட்டது என்று என் குறிப்பில் எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்தேன். அவர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

மதியம் இன்னொரு முறை முயலலாம் என்றார் டாக்டர். கட்டாயம் இல்லை என்றும் சொன்னார். கேன்டீனில் மூன்று பேரும் சாம்பார் சாதம் சாப்பிட்டோம். பாய் அதிகம் சாப்பிடவில்லை. மனைவியைப் பார்த்து, "உள்ள இருக்கையில நீ வெளிய சொல்லிக்கிட்டே இரு. அமுக்கிட்டீங்கன்னு. எனக்குக் கேக்காது, பரவாயில்ல" என்றார்.

பாயம்மா தட்டைத் தள்ளி வைத்தார். டாக்டர் காலையில் அவரைத் தனியே கூப்பிட்டுப் பேசியிருந்தார். நீங்கள் பதில் சொல்லச் சொல்லக் கேள்வி கூடும், நிறுத்திப் பாருங்கள் என்று சொல்லியிருந்தாராம்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றார் பாயம்மா. "இனிமே ஊட்டுலயும் சொல்ல மாட்டேன். எனக்கும் தெரியாது. இத்தன வருசமா பாக்காமலேதான் சொன்னேன்."

பாய் அவரைப் பார்த்தார். "சிலிண்டரா?"

"சிலிண்டர், மோட்டார், எல்லாம். எந்திரிச்சுப் போயா பாத்தேன்? வெங்காயம் உரிச்சிக்கிட்டே சொன்னேன். ஒண்ணும் ஆவல."

இரண்டாம் முறை உள்ளே போனார். தட்டும் சத்தம் தொடங்கியது. ஒலிபெருக்கியில் எதுவும் வரவில்லை. நான் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் மடங்கி, விரிந்து, மடங்கின. பாயம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். டாக்டர் திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்துத் தனக்குள், "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்றார்.

வெளியே வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எழுந்து உட்கார்ந்ததும், "கேக்கல" என்றார்.

"ஆமா பாய், கேக்கல" என்றார் டாக்டர்.

"படம் வந்துச்சா? மச்சானுக்குக் காட்டணும்."

அப்போதுதான் டாக்டருக்கு விஷயம் முழுதும் தெரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். ஒரு ஆளின் படத்தைப் பார்த்து, இதோ நோய் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது என்றார். நோய் உள்ள பலருடைய படங்களையும், இல்லாத பலருடைய படங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும். அதில் உங்கள் பங்கு இருக்கும், உங்கள் பெயர் இருக்காது. தனியாக உங்களுக்குத் தரக்கூடியது தலையின் சாதாரணப் படம் மட்டும்தான். அதில் ஒன்றும் தெரியாது. நோய் இருக்கிறது என்று நான் எழுதித் தருகிறேன் என்றார்.

"எழுத்த அவரு நம்ப மாட்டாரு டாக்டரம்மா. படத்தத்தான் நம்புவாரு."

நான் படித்துக் காட்டிய தகவலில் இந்தச் சராசரி விஷயம் இல்லை. டாக்டர் எழுதித் தந்தார், படத்தையும் தந்தார். மாத்திரையும், வாரம் ஒருமுறை தஞ்சாவூரில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதும் அந்தக் கடிதத்தில் இருந்தன.

மைத்துனர் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. பூத்தின் கண்ணாடிக் கதவில் வெயில் விழும் இடமாகப் பார்த்து அந்தக் கறுப்புப் படத்தைப் பிடித்தார். மண்டை, மூளை, கண் இரண்டு. தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"இதுல எங்க இருக்கு?"

"அதுல தெரியாது மச்சான்" என்றார் பாய். "பல பேரோடத சேத்தாத்தான் தெரியும்."

"பல பேரு சேந்து வர்றதுக்கு இது என்ன நோவா, கல்யாணமா?" டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்த இருவர் சிரித்தார்கள். "எல்லாம் நல்லாத்தானே இருக்கு மாப்புள. என் தலைய எடுத்தாலும் இப்படித்தான் இருக்கும்."

திரையை விலக்கிக்கொண்டு பாயம்மா வந்தார். ஆண்கள் நிற்கும் பக்கத்துக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை.

"நானா, அவரு அந்த மிஷினுக்குள்ள வாயத் தொறக்காம படுத்திருந்தாரு. கதவ பூட்டுனோமான்னு கேக்காம ஒரு நிமிசம் இருக்க முடியாத ஆளு. நான் பாத்தேன்."

"அதுக்கென்ன இப்ப?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. பாத்தேன்னு சொன்னேன்."

மைத்துனர் படத்தை உறையில் போட்டார். "விசாவுக்கு என்ன சொல்றீங்க மாப்புள? பதினஞ்சாம் தேதிக்குள்ள சொல்லணும்."

பாய் ரிசீவருக்கு அருகில் நின்றிருந்தார். அவருடைய வலது கை கைலியை இறுகப் பிடித்திருந்தது. "போகல மச்சான்" என்றார். "சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. தெரியாமலேதான் சொல்றேன். போகல."

சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். வாய் திறந்தது. என்ன கேட்க வருகிறார் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பாயம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாய் வாயை மூடிக்கொண்டார்.

மாதம் முடிவதற்குள் பூத் வேறு ஆளின் கைக்குப் போனது. வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தங்கையை அழைத்துப் போக மைத்துனர் ஒரு வேன் கொண்டுவந்தார். பாயம்மா அதில் ஏறவில்லை.